மூன்றாவது முயற்சி

ஜூன் 3, செவ்வாய்

பாப்பா அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, எழுதினாலாவது நிதானமாகச் சொல்லலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சரி, எழுதுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் போய்வருகிற ரிப்பேர் பெட்டியில், கீபோர்டுகளுக்கு அடியில் இந்தக் கவர் இருக்கும். பெட்டியை நீங்கள் மட்டும் திறக்கவும். சாயங்காலம் நான் கூப்பிடும்போது போனைப் பாப்பா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பால்கனிக்குப் போய்விடுகிறீர்கள். கதவுச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

இங்கே கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கிற எங்கள் உதவி மேஜை நாலாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே. கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் லேப்டாப்பைக் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வருகிறார். பக்கத்து நாற்காலியில் பொறுமைசாலி. நான் வைத்த பெயர்தான். நம் சண்டை அவரை நான் புகழ்ந்ததில் ஆரம்பித்தது என்று தெரியும், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சட்டப் பிரிவில் ஒரு அம்மா நாற்காலியைவிட்டு எழுந்தால் அவர் கம்ப்யூட்டர் திரை இருண்டுவிடும், இரண்டு வினாடியில் தானே வரும். வயரை மாற்றினோம், திரையை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம். கடைசியில் பொறுமைசாலி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். நாற்பது தடவை. நான் எண்ணினேன். கோளாறு நாற்காலியில்தான். எழும்போது அதன் இரும்புத் தண்டில் ஒரு சின்ன மின்பொறி உண்டாகி திரையைத் தொட்டுவிடுகிறது. வேறு நாற்காலி போட்டோம், தீர்ந்தது.

என் சொந்தப் பிரச்சனைதான் தீரவில்லை. ஒரு வாரமாக நான் காலை ஒன்பதேகாலுக்கு மேஜையில் உட்கார்ந்தால் என் கம்ப்யூட்டர் கணக்கு பூட்டியிருக்கிறது. மூன்று தடவை தப்பான பாஸ்வேர்டு போட்டால் பூட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் ஒரு தடவைகூடப் போடவில்லை. ஊருக்கே பூட்டுத் திறந்து விடுகிறவள் தினமும் அடுத்தவரிடம் போய் "என்னோடதைத் திறந்து விடுங்க"ன்னு நிற்கிறேன். மானம் போகிறது. யோசித்து எழுதுங்கள்.

மாதக் கடைசியில் என் சோதனைக் காலம் முடிகிறது. நிரந்தரமானால் உங்களுக்கும் இங்கே மாற்றல் கேட்டு எழுதலாம். பாப்பாவுக்கு ஒரு பள்ளிக்கூடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா

---

ஜூன் 6, வெள்ளி

பாப்பா அம்மாவுக்கு,

பாப்பாவுக்கு நேற்றுக் காய்ச்சல். பயப்படாதே, நேற்றே இறங்கிவிட்டது. நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். இன்று எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார்.

நாற்பது தடவை எண்ணினேன் என்று எழுதியிருக்கிறாய். எண்ணுவதென்றால் ஆளை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். பத்தாவது தடவையிலேயே எனக்கென்றால் கொட்டாவி வந்திருக்கும். போகட்டும். அந்த அம்மாவின் நாற்காலியை முதலிலேயே நகர்த்திப் பார்த்திருந்தால் முப்பத்தொன்பது தடவை மிச்சம். இதற்குப் பேர் பொறுமையா?

பூட்டு விஷயம். உன் போனில் பழைய பாஸ்வேர்டு இருக்கிறதா பார். மீட்டிங் அறை டேப்லெட்டில் எப்போதாவது உள்ளே போயிருக்கிறாயா பார். இதெல்லாம் உனக்கே தெரியும், நான் என்ன புதிதாகச் சொல்ல. உன் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டால் நாற்பது தடவை பார்த்துச் சொல்ல மாட்டாரா?

இங்கே உன் இடத்துக்கு வந்த பொண்ணுக்கு ஆபீசே விறுவிறு என்று பெயர் வைத்துவிட்டது. நடையும் அப்படி, வேலையும் அப்படி. மேனேஜர் லேப்டாப் திடீர் திடீரென்று தூங்கிப்போகுமே, நீ மூன்று வாரம் மல்லுக்கட்டினாயே, அதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அவர் வலிக்காகக் கையில் காந்தப் பட்டை கட்டியிருக்கிறார். மணிக்கட்டை விசைப்பலகை ஓரத்தில் வைத்தால் மூடியை மூடிவிட்டார்கள் என்று லேப்டாப் நினைத்துக்கொள்கிறது. "சார், கையைக் கொஞ்சம் தூக்குங்க," அவ்வளவுதான் சொன்னாள். எனக்கே ஆச்சரியம்.

உன் அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தியிருக்கிறாள். வெளிச்சம் நன்றாக வருகிறது.

பா.அப்பா

---

ஜூன் 10, செவ்வாய்

பாப்பா அப்பாவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் என்பதை மறுநாள் கடிதத்தில் தெரிந்துகொள்கிற தாய் நானாகத்தான் இருப்பேன். அன்று சாயங்காலம் பேசும்போது அவளையும் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதற்குத் தனியாகச் சண்டை போடுவேன், இப்போது நேரமில்லை.

என் அலமாரியை நகர்த்த அவளுக்கு யார் அனுமதி கொடுத்தது? அது ஜன்னலுக்குப் பக்கத்தில் இல்லாததற்குக் காரணம் இருந்தது. வெயில் பட்டால் பழைய ஹார்டு டிஸ்க்குகள் கெடும். நான் மூன்று வாரம் பார்த்தபோது மேனேஜர் அந்தப் பட்டையைக் கட்டியிருக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். கட்டியிருந்தால் எனக்கு ஐந்து நிமிடம் போதும். காலை எட்டே முக்கால் தாண்டி நாலு நிமிடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், நீங்கள் வந்து இரண்டே நிமிடத்தில். அப்படி என்ன அவசரம் என்றுதான் கேட்கிறேன். "எனக்கே ஆச்சரியம்" என்று என்னைப் பற்றி நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன், மை ஊறிவிட்டது.

இனிப் பூட்டு. போனைப் பார்த்தாயிற்று, டேப்லெட் பார்த்தாயிற்று. ஒரு நோட்டில் நாள்வாரியாக எழுதி வருகிறேன். ஞாயிறு நான் தனியாக வந்து பார்த்தேன், பூட்டவில்லை. போன வியாழன் பூட்டவில்லை. மற்ற எல்லா நாளும் ஒன்பது ஐந்துக்குப் பூட்டுகிறது. ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. வியாழன் ஏன் பூட்டவில்லை என்று தெரிந்தால் மற்றதும் தெரிந்துவிடும்.

இப்போது இது என் தலைவலி மட்டும் இல்லை. என் கணக்கு எல்லாக் கிளைகளின் கம்ப்யூட்டர்களையும் திறக்கும், அதனால் பாதுகாப்புப் பிரிவின் தலைவி என்னைக் கூப்பிட்டு, வரும் 23-ஆம் தேதிக்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லிவிட்டார். அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னை நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசுவார்களாம். தப்பான பாஸ்வேர்டு முயற்சிகள் நம் கிளையிலிருந்து வருகின்றன என்பது வரைக்கும் தெரிகிறது. எந்த மெஷின் என்பது அவர்கள் பதிவேட்டில் இருக்கும், ஒரு வாரத்தில் தருவார்கள். அதற்குள் அங்கே நீங்கள் தேடுங்கள். என் பாஸ்வேர்டை ஏதாவது பழைய மெஷின் பிடித்து வைத்திருக்கலாம்.

பா.அம்மா

---

ஜூன் 13, வெள்ளி

தேடினேன். ஒன்றும் இல்லை.

இதற்குப் போய்ப் பாதுகாப்புப் பிரிவு வரைக்கும் ஏன் போனாய்? நம்மிடம் சொல்லியிருந்தால் நாமே பார்த்திருக்க மாட்டோமா. விட்டுத் தள்ளு, இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

பாப்பா ஒரு விஷயம் சொன்னாள். நீ அவளோடு பேசும்போது பின்னால் ஒரு ஆம்பளைக் குரல் "டீ ஆறிப்போகுது"ன்னு சொன்னதாம். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆபீசில் யார் உனக்கு டீ கொண்டுவந்து வைக்கிறார்கள்? பதில் எழுத வேண்டாம். எனக்குத் தெரியும். நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்தவருக்கு ஒரு டீயை எடுத்துவர எவ்வளவு நேரம்.

உனக்கு டீயில் சர்க்கரை அரை ஸ்பூன் என்பது அவருக்குத் தெரியுமா என்று மட்டும் எழுது.

---

ஜூன் 17, செவ்வாய்

என்னங்க,

ஆமாம், தெரியும். அரை ஸ்பூன் என்று நான்தான் சொன்னேன். அவர் எல்லோருக்கும் கொண்டுவருகிறார், எங்கள் வரிசையில் ஐந்து பேர். சாயங்கால ஷிப்டில் அவர் முறை அது.

"தானாகச் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். பதினொரு வருஷமாக உங்களைப் பார்க்கிறேன். ஒரு பிரிண்டர் தானாகச் சரியானால்கூடத் தூக்கம் வராமல் பிரித்துப் போட்டு உட்காருகிற ஆள் நீங்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மூக்கில் வேர்த்தது. பிறகு வியாழனை நினைத்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சல், நீங்கள் வீட்டில். அன்று மட்டும் பூட்டவில்லை.

பதிவேடு நேற்று வந்தது. தினமும் மூன்று வரிகள்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஒன்று, உங்கள் மெஷின். எட்டு ஐம்பத்து மூன்றுக்கு ஒன்று, உங்கள் மெஷின்.

இரண்டோடு நிறுத்தியிருக்கிறீர்கள். மூன்றாவது போட்டால் பூட்டிக்கொள்ளும் என்பதால். நான் வந்து என் பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டவுடன் எண்ணிக்கை பழையபடி பூஜ்யத்துக்குப் போய்விடும், மறுநாள் இன்னும் இரண்டு. வேறு யாராவது என்றால் கண்டபடி தட்டி முதல் நாளே மாட்டியிருப்பார்கள். இந்த ஒழுங்கு நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வரும். அதுதான் ரொம்ப வலிக்கிறது. கோபத்தில் ஒரு நாள் செய்திருந்தால் மன்னித்துத் தொலைத்திருப்பேன். நீங்கள் கணக்குப் போட்டு, பதினாறு நாள், தினமும் ரெண்டு ரெண்டாக என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்.

என்ன பார்க்க நினைத்தீர்கள்? என் மெயிலில் என்ன இருக்கும் என்று நினைத்தீர்கள்?

திங்கட்கிழமை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மெஷின் பெயரை எழுதினால் உங்கள் வேலை என்னவாகும் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் நான் பொய் சொன்னவள். அவர்கள் கையிலும் அதே பதிவேடு இருக்கிறது.

மூன்றாவது வரி ஒன்பது ஐந்து, கிடங்கு அறையில் இருக்கிற பழைய மெஷின். அதை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். வயரைப் பிடுங்கிவிட்டால் போதும்.

---

ஜூன் 20, வெள்ளி

அடியே,

முதலில் என் கதை. குட்டு உடைந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது.

அந்தப் போன் சண்டைக்கு மறுநாள் ஆரம்பித்தேன். விறுவிறு எட்டு ஐம்பதுக்கு டீ எடுக்கப் போவாள், நான் தனியாக இருப்பேன். பாப்பா பிறந்த நாளைப் போட்டேன். கல்யாண நாளைப் போட்டேன். என் பெயரை இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை, அதற்கும் கோபம் வந்தது. கடைசி வாரம் அந்த ஆளின் பெயரைப் போட்டேன். திறந்துவிடுமோ என்ற பயத்தோடே என்டர் தட்டினேன். திறக்கவில்லை. அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன்.

இதற்குப் பேர் வயிற்றெரிச்சல்தான், வேறு பெயர் வைத்துப் பிரயோஜனம் இல்லை. நீ அங்கே போனாய், பெரிய மேஜை, பெரிய பெரிய பிரச்சனைகள். முன்பெல்லாம் தலையைச் சொறிகிற கோளாறு வந்தால் என்னிடம் வருவாய். சோறு ஆறும், நாம் இரண்டு பேரும் சமையலறையில் நின்று பேசிக்கொண்டே இருப்போம். அந்த நாற்காலிக் கோளாறை நான் பார்த்திருக்க வேண்டும். அதை வேறு ஒருத்தரோடு நீ பார்த்தாய் என்பதுதான். ஆள் யாராக இருந்தாலும் எரிந்திருக்கும்.

சரி. இரண்டு என்னோடது. நான் இரண்டோடுதான் நிறுத்தினேன், பூட்டியிருக்கவே கூடாது. நீ பூட்டுகிறது என்று எழுதினபோதே எனக்குப் புரியவில்லை, ஆனால் எப்படிக் கேட்பது?

கிடங்கு மெஷினைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று எழுதினாயே, பதினொரு வருஷமாக என்னைப் பார்க்கிறவள் அப்படி எழுதலாமா? பெட்டி மேல் பெட்டி அடுக்கி, அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஊதித் தூசி தட்டித் திறந்தேன். தினமும் ஒன்பது ஐந்துக்கு ஒரு வேலை தானாக ஓடுகிற மாதிரி வைத்திருக்கிறது. அதன் பெயர் "பிரிண்டர் சோதனை". பிரிண்டரே இல்லாத அறையில் என்ன பிரிண்டர் சோதனை?

பிரித்துப் படித்தேன். நம் கிளை உதவி மேஜையின் இரண்டு மெஷினிலும் காலையில் யார், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்த்து, அதை உனக்கு மெயில் அனுப்பச் சொல்லியிருக்கிறது. உன் பெயரில், உன் பழைய பாஸ்வேர்டோடு. வைத்த தேதி, நீ கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால். போன மாதம் 26-ஆம் தேதி எல்லோரும் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னார்களே, நீயும் மாற்றினாய். இது மட்டும் பழையதை வைத்துக்கொண்டு தினமும் ஒரு தடவை கதவைத் தட்டித் திரும்பியிருக்கிறது.

என் இரண்டு. உன் ஒன்று.

கிடங்கில் ஒரு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வரவில்லை. எட்டே முக்கால் தாண்டி நாலு நிமிடத்தில் வருகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை உனக்கு யார் சொன்னார்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அவளும் நானும் ஒரே பஸ்ஸில் வருகிறோம். அவள் முன்வாசலில் இறங்குவாள், நான் பின்வாசலில். அவள் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவாள். இரண்டு நிமிடம் அதுதான்.

வயரைப் பிடுங்கவில்லை. உன்னுடையது, நீ சொல். மேனேஜரிடம் என் இரண்டைப் பற்றி இன்றைக்கே சொல்லிவிட்டேன். உன் ஒன்றைப் பற்றி வாய் திறக்கவில்லை.

---

ஜூன் 24, செவ்வாய்

என்னங்க,

வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

அந்தப் பொண்ணு நேர்முகத் தேர்வுக்கு வந்த அன்று கதவு வழியாகப் பார்த்தேன். நீங்கள் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். கேட்டால் சொல்லியிருப்பீர்கள், ஒன்றும் இருந்திருக்காது. கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு இயந்திரத்தைக் கேட்க வைத்தேன். அது தினமும் எட்டு நாற்பத்தேழு, எட்டு நாற்பத்தொன்பது என்று எழுதி அனுப்பியது. அந்த இரண்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். படிக்கட்டு, லிஃப்ட், வாசல் என்று என்னென்னவோ நினைத்தேன். தண்ணீர் பிடிப்பதை மட்டும் நினைக்கவில்லை. மெயில் நின்றபோது நீங்கள் கண்டுபிடித்து நிறுத்திவிட்டீர்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். பதிவேட்டில் அந்த மூன்றாவது வரியைப் பார்த்ததும் என் முகம் போன போக்கைப் பொறுமைசாலி பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் டீ வைத்துவிட்டுப் போனார். இதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பாப்பா மூலம் தெரிய வேண்டாம்.

நேற்று எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. இரண்டு முயற்சி என் கணவர், காரணம் சந்தேகம். ஒரு முயற்சி நான் வைத்த வேலை, காரணம் அதேதான். தலைவி படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். "உங்க ரெண்டு பேருக்கும் போன் கிடையாதா?" என்று மட்டும் கேட்டார்.

தீர்ப்பு இது. உங்களுக்கு எழுத்தில் எச்சரிக்கை, ஆறு மாதம் அட்மின் உரிமை இல்லை. நீங்களே முன்வந்து சொன்னதால் அதோடு விட்டார்கள். என் சோதனைக் காலம் இன்னும் மூன்று மாதம் நீள்கிறது. மாற்றல் பேச்சு அதற்குப் பிறகுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் இடத்தை விட்டுவிட்டேன். எழுதும்போது அழுதேன், மறைக்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்களும் தேட வேண்டாம். தினமும் அந்த எட்டு ஐம்பத்திரண்டுக்கு எனக்குப் போன் செய்யுங்கள். என்ன கேட்க வேண்டுமோ என்னைக் கேளுங்கள். சண்டை வந்தால் வரட்டும்.

---

ஜூன் 27, வெள்ளி

அடியே,

நேற்று நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் என் பக்கத்தை எழுதிவிடுகிறேன்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. எட்டு ஐம்பத்து மூன்றுக்கு மறுபடி. எடுக்கவில்லை. பழக்க தோஷம், அதோடு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மனசில் என்னென்னவோ ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் எடுத்து மூன்றாவது தடவை போட்டேன்.

மூச்சு வாங்கிக்கொண்டு "படியில வந்துட்டிருந்தேன், லிஃப்ட் ரிப்பேரு"ன்னாய்.

"யார் கூட?"

இத்தனை நாளாகக் கம்ப்யூட்டரிடம் கேட்டதை உன்னிடம் கேட்டுவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"தனியாத்தான். நாலு மாடி. செத்துட்டேன்" என்றாய். பிறகு நீ கேட்டாய். "அவ வந்துட்டாளா?"

"வந்துட்டா. டீ எடுக்கப் போயிருக்கா."

"உங்களுக்கும் சேர்த்தா?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆமாம் என்றேன். அதற்குள் ஒன்பது மணி ஆகிவிட்டது, போனை வைத்துவிட்டோம்.

இன்றைக்கு டீயை நானே போய் எடுத்துக்கொண்டேன். கிடங்கு மெஷினின் வயரையும் பிடுங்கிவிட்டேன். உன் அலமாரி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை எட்டு ஐம்பத்திரண்டு.